68 என்று யார் சொன்னது?

2010-ல் எக்ஸ்பாக்ஸ் 360-க்கு ‘டெட்லி பிரெமனிஷன்’ என்று ஒரு ஜப்பானிய கேம் வந்தது. அமெரிக்கச் சிற்றூரில் நடந்த கொலையை எஃப்பிஐ ஏஜென்ட் ஒருவர் துப்பறியும் கதை. ஐஜிஎன் தளம் 10-க்கு 2 போட்டது. டிஸ்ட்ரக்டாய்ட் முழுசா 10! பல விமர்சகர்களின் மதிப்பெண்களைச் சேர்த்து சராசரி காட்டும் மெட்டாகிரிட்டிக்கில் 68. பட்டியலில் மட்டும் பார்த்தால் ‘சுமார் ரகம்’ என்று நகர்ந்துவிடுவோம்.

கிராபிக்ஸ் பழசு, சண்டைக் காட்சிகள் சொதப்பல் என்பதைப் பிடித்தவர்களும் மறுக்கவில்லை. அதைத் தாண்டி அந்த ஊரும் மனிதர்களும் ஈர்த்தார்களா என்பதில்தான் பிளவு. விமர்சகர்களை அதிகம் பிரித்த சர்வைவல் ஹாரர் கேம் என்று கின்னஸிலும் இடம்பிடித்தது.

சர்வர் வேகத்துக்குச் சராசரியை மட்டும் காட்டினால், எங்க டீமில் ஒத்துக்கமாட்டோம். எவ்வளவு பரவியிருக்குன்னு கேட்போம். விமர்சனத்துக்கும் அதைக் கேட்கணும். எல்லாரும் 7 போட்ட கேமும், பாதிப்பேர் கொண்டாடி மீதிப்பேர் திட்டிய கேமும் ஒண்ணு இல்லை.