ரேஞ்ச் ரோவர்: பண்ணை வண்டி பட்டத்து யானையான கதை

மெருகிட்ட மரவேலைப்பாடும் மென்தோல் இருக்கைகளுமாகப் பெருநகர வீதிகளில் செல்லும் ரேஞ்ச் ரோவரை இன்று காண்பவர்கள், அது செல்வந்தர்களுக்கென்றே பிறந்த வாகனம் என்று எண்ணுவது இயல்பு. ஆனால், 1970 ஆம் ஆண்டு ஜூன் 17 ஆம் திகதி அது முதன்முதலாக அறிமுகப்படுத்தப்பட்டபோது அதில் தோல் இருக்கைகள் இருக்கவில்லை. பிளாஸ்ரிக் உறையிட்ட இருக்கைகளும் இறப்பர் விரிப்புகளுமே இருந்தன. சேற்றுக் காலுடன் ஏறி இறங்கிவிட்டு, மாலையில் குழாய்நீரைப் பாய்ச்சி உட்புறத்தைக் கழுவிவிடலாம் என்பதே அதன் நோக்கம். அந்த வண்டி எவ்வாறு இந்த நிலையை அடைந்தது என்பது பொறியியலின் கதை மட்டுமல்ல, மனித ஆசைகளின் கதையுமாகும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில், பிரித்தானியாவின் ரோவர் நிறுவனத்தின் தலைமைப் பொறியியலாளரான மோரிஸ் வில்க்ஸ், வேல்ஸின் ஆங்கில்சீ தீவில் உள்ள தமது பண்ணையில் பழைய இராணுவ ஜீப் ஒன்றைப் பயன்படுத்தி வந்தார். அந்த அனுபவத்திலிருந்து உருவானதே லேண்ட் ரோவர். 1948 இல் அம்ஸ்ரடாம் மோட்டார் கண்காட்சியில் அது வெளியிடப்பட்டது. எஃகுக்குத் தட்டுப்பாடு நிலவியதால் அதன் உடற்பகுதி அலுமினியக் கலவைத் தகடுகளால் அமைக்கப்பட்டது. எங்கும் செல்லக்கூடிய வண்டிதான். ஆனால், லொறிகளில் காணப்படும் அடுக்குத் தகட்டு வில்களின் மேல் அது அமர்ந்திருந்தது. நீண்ட தூரம் பயணித்தவரின் முதுகெலும்பு அதன் பலனை உணர்ந்துகொள்ளும்.

காரின் சுகமும் லேண்ட் ரோவரின் ஆற்றலும் ஒன்றிணைந்த ஒரு வாகனம் வேண்டும் என்ற எண்ணம் ரோவர் நிறுவனத்திற்கு 1950களிலேயே தோன்றியது. 'ரோட் ரோவர்' என்ற பெயரில் சில மாதிரிகள் செய்யப்பட்டுக் கைவிடப்பட்டன. இதனிடையே அமெரிக்காவில், 1963 ஆம் ஆண்டு மாதிரியாக வெளிவந்த ஜீப் வாகனியர், நான்கு சில்லுகளாலும் இயங்கும் வண்டியைக் குடும்பத்தினரும் விரும்புவர் என்பதை நிரூபித்திருந்தது.

1966 இல் இந்தப் பணியை மீண்டும் கையிலெடுத்தவர் சார்ள்ஸ் ஸ்பென்சர் கிங். 'ஸ்பென்' கிங் என்றே அனைவராலும் அழைக்கப்பட்ட அவர், வில்க்ஸ் சகோதரர்களின் மருமகன். ரோல்ஸ் ரோய்ஸில் தொழில் பயின்று, ரோவரில் எரிவாயுச் சுழலி இயந்திரத்தால் ஓடும் கார்களை உருவாக்குவதில் பங்குகொண்டவர். கோர்டன் பாஷ்ஃபோர்டுடன் சேர்ந்து அவர் இந்த வண்டியை வரையத் தொடங்கினார்.

கிங் முதலில் கேட்ட கேள்வி எளிமையானது. கரடுமுரடான நிலத்தில் ஓடும் வண்டிக்கு வில்கள் விறைப்பாக இருந்தே ஆகவேண்டுமா? ரோவர் 2000 என்ற சாதாரண காரைக் கரடுமுரடான நிலத்தில் ஓட்டிப் பார்த்தபோது அவருக்கு விடை கிடைத்தது. மென்மையான சுருள்வில், சில்லு மேலும் கீழும் வெகுதூரம் அசைய இடமளிக்கிறது. பள்ளத்தில் சில்லு இறங்கினாலும் நிலத்தை விட்டு எழும்புவதில்லை. நிலத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் சில்லுதான் வண்டியை இழுக்கும். ஆகவே, பயணிக்குச் சுகம் தருகின்ற அதே வில், சேற்றில் வண்டியின் பிடிப்பையும் கூட்டுகின்றது. ஒன்றுக்கொன்று எதிரானவை என்று அதுவரை கருதப்பட்ட இரு தேவைகளுக்கும் ஒரே விடைதான் என்பதே ரேஞ்ச் ரோவரின் அடிப்படைக் கண்டுபிடிப்பு எனலாம்.

மென்மையான வில்லுக்கு ஒரு குறை உண்டு. பாரம் ஏற்றினால் வண்டியின் பின்புறம் தாழ்ந்துவிடும். இதற்கெனப் பின் அச்சின் மேல் ஒரு சமநிலைத் தாங்கி பொருத்தப்பட்டது. அதற்கு மின்சாரமோ தனிப் பம்பியோ தேவையில்லை. வண்டி ஓடும்போது ஏற்படும் அசைவையே பயன்படுத்தி அது தன்னைத்தானே அழுத்தமூட்டிக்கொண்டு பின்புறத்தை உரிய உயரத்துக்குக் கொண்டுவரும்.

அடுத்தது இயந்திரம். ரோவரின் முகாமைப் பணிப்பாளர் வில்லியம் மார்ட்டின் ஹேர்ஸ்ட் அமெரிக்காவுக்குச் சென்றபோது, படகு இயந்திரங்கள் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில், பியூக் நிறுவனம் கைவிட்டிருந்த அலுமினிய வீ8 இயந்திரம் அவர் கண்ணில் பட்டது. 1965 இல் அதன் உரிமை ரோவருக்குக் கிடைத்தது. மூன்றரை லீற்றர் கொள்ளளவு கொண்ட அந்த இயந்திரம், அமெரிக்கர்களுக்குத் தேவையற்றதாகிப் பிரித்தானியர்களுக்குப் பல பத்தாண்டுகள் உழைத்தது.

அந்த இயந்திரத்தின் வலு ஒரு சிக்கலையும் கொண்டுவந்தது. அதன் முழு முறுக்குவிசையையும் பின் அச்சு மட்டும் தாங்குவதானால் அந்த அச்சைக் கனமாகச் செய்யவேண்டும். கனமான அச்சு, மென்மையான வில்லின் பலனைக் கெடுத்துவிடும். எனவே விசையை எப்போதும் இரு அச்சுகளுக்கும் பகிர்ந்தளிப்பது என்று முடிவாயிற்று. லேண்ட் ரோவரில் சாதாரண வீதியில் பின் சில்லுகள் மட்டுமே இயங்கும். தேவைப்படும்போதுதான் சாரதி முன் சில்லுகளையும் இணைப்பார். காரணம், வளைவில் திரும்பும்போது முன் சில்லுகளும் பின் சில்லுகளும் ஒரே தூரத்தைக் கடப்பதில்லை. இரண்டையும் இறுகப் பிணைத்தால், சறுக்க இடமில்லாத தார் வீதியில் பற்சக்கரங்கள் முறுகும். ரேஞ்ச் ரோவரில் இரு அச்சுகளுக்கும் இடையே ஒரு டிபரென்ஷியலை வைத்து இந்த வேறுபாட்டுக்கு வழிவிட்டார்கள். சேற்றில் ஒரு சில்லு வீணே சுழன்றால் அந்த டிபரென்ஷியலைப் பூட்டிவிடவும் வசதி இருந்தது. நிரந்தர நான்கு சில்லு இயக்கம் என்று பின்னாளில் விளம்பரங்கள் பெருமைப்பட்ட அம்சம், எடையைக் குறைக்கும் முயற்சியில் பிறந்தது என்பது கவனிக்கத்தக்கது.

நான்கு சில்லுகளிலும் டிஸ்க் பிரேக், முன் இருக்கைகளோடு இணைந்த பாதுகாப்புப் பட்டி, மேலும் கீழுமாகத் திறக்கும் பின்கதவு ஆகியனவும் அதில் இடம்பெற்றன. பொறியியலாளர்கள் வரைந்த எளிய பெட்டி வடிவத்தை டேவிட் பாஷ் சற்றே செதுக்கிச் செம்மைப்படுத்தினார். அறிமுக விலை 1,998 பவுண்கள். மணிக்கு சுமார் 150 கிலோமீற்றர் வேகத்தில் நெடுஞ்சாலையில் ஓடிவிட்டு, அப்படியே வயலுக்குள் இறங்கலாம். பரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் கைத்தொழில் வடிவமைப்புக்கு எடுத்துக்காட்டாக அது வைக்கப்பட்டது.

அதன் வலிமையும் வரம்பும் ஒருங்கே வெளிப்பட்ட இடம் டேரியன் காடு. மேஜர் ஜோன் பிளாஷ்ஃபோர்ட் ஸ்னெல் தலைமையில் 1971 டிசெம்பரில் அலாஸ்காவிலிருந்து புறப்பட்ட இரு ரேஞ்ச் ரோவர்கள் தென்னமெரிக்காவின் தென்முனையை நோக்கிப் பயணித்தன. பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் இடையே வீதியே இல்லாத சதுப்புக் காட்டைக் கடக்க மட்டும் சுமார் 100 நாட்கள் சென்றன. சேற்றுக்கென மாட்டிய பெரிய டயர்களின் சுமை தாங்காமல் டிபரென்ஷியல்கள் உடைந்தன. மாற்று உதிரிப்பாகங்கள் வரும்வரை பயணம் தடைப்பட்டது. ஆயினும் 1972 இல் வண்டிகள் இலக்கை அடைந்தன. பின்னர் 1979 இல் நடைபெற்ற முதலாவது பரிஸ்–டக்கார் ஓட்டப் போட்டியில் கார் பிரிவிலும், மீண்டும் 1981 இலும், ரேஞ்ச் ரோவரே முதலிடம் பெற்றது.

ஆனால் வாங்கியவர்களில் பலர் டேரியனுக்குச் செல்லவில்லை. நகரத்து வசதி படைத்தோர் அதன் உயர்ந்த இருக்கையையும் கம்பீரத்தையும் விரும்பினர். இரண்டு கதவுகளோடு வந்த வண்டிக்கு 1981 இல் நான்கு கதவுகள் கிடைத்தன. அடுத்த ஆண்டு தானியங்கிக் கியர் வந்தது. கம்பளமும் தோலும் மரமும் ஒவ்வொன்றாக உள்ளே புகுந்தன. 1987 இல் அமெரிக்கச் சந்தைக்குள் அது நுழைந்தபோது கழுவிவிடும் வண்டி என்ற எண்ணமே மறைந்துவிட்டது. சுருள்வில்லின் இடத்துக்கு 1992 இல் காற்றுவில் வந்தது. மாறாக, 1989 இல் வெளிவந்த டிஸ்கவரி, அதே சட்டகத்தின் மேல், குறைந்த விலையில், பிள்ளைகுட்டிகளோடு பயணிக்கும் குடும்பங்களுக்கென அமைக்கப்பட்டது. கிங்கின் முதல் எண்ணத்துக்கு நெருக்கமாக நின்றது அதுவே என்பது எனது கருத்து. முதல் தலைமுறை ரேஞ்ச் ரோவர், மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் வெளிவந்த பின்னர், 1996 இல் உற்பத்தியை நிறுத்திக்கொண்டது.

இத்தகைய வாகனங்கள் அந்தஸ்தின் சின்னமானது பிரித்தானியாவில் மட்டும் நிகழ்ந்ததல்ல. இலங்கையிலும் 'பஜிரோ' என்ற ஜப்பானிய வண்டியின் பெயர், ஒரு காலத்தில் அரசியல் அதிகாரத்தின் மறுபெயராகவே வழங்கியது. காட்டுவழிக்கும் களிமண்ணுக்கும் செய்யப்பட்ட சில்லுகள் தலைநகரின் தார் வீதிகளிலேயே தேய்ந்தன.

இந்த மாற்றத்தை ஸ்பென் கிங் இரசிக்கவில்லை. 2004 இல், தாம் அதனை ஒருபோதும் அந்தஸ்தின் அடையாளமாகக் கருதி வடிவமைக்கவில்லை என்று வெளிப்படையாகக் கூறிய அவர், நெரிசலான நகர வீதிகளில் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச்செல்லப் பெரிய நான்கு சில்லு இயக்க வாகனங்களைப் பயன்படுத்துவோரையும் கண்டித்தார். தமது 85 ஆவது வயதில், 2010 ஜூன் மாதத்தில் அவர் காலமானார். மிதிவண்டியில் சென்றுகொண்டிருந்தபோது வான் ஒன்றுடன் மோதி ஏற்பட்ட காயங்களே அவரது மரணத்துக்குக் காரணமாயின.