கூப்பன் அரிசியும் துண்டுவிழும் தொகையும்

திறைசேரியில் சல்லி இல்லை என்ற பேச்சு எழும்போதெல்லாம் முதலில் கணக்குப் பார்க்கப்படுவது ஏழையின் சோற்றுக் கோப்பைதான். அஸ்வெசும பட்டியலில் யார் பெயர் இருக்கு, யார் பெயர் விடுபட்டது என்று இன்று ஊரூராக நடக்கும் வாதத்துக்கு நீண்டதொரு முன்கதை உண்டு. அது கூப்பன் அரிசியின் கதை.

1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து இலங்கைக்கு வந்த அரிசி நின்றது. பங்கீட்டு முறை வந்தது. யுத்தம் முடிந்த பிறகும் பங்கீடு நீடித்தது. ஏழை, பணக்காரன், சிங்களவர், தமிழர், முஸ்லிம் என்ற பேதமின்றி ஏறக்குறைய எல்லா வீட்டிலும் கூப்பன் புத்தகம் இருந்தது. “கூப்பன் எடுக்கப் போறன்” எண்டு சொல்ல யாரும் வெட்கப்படல்ல. எல்லாருக்கும் உரியது என்பதே அதன் பலம்.

அந்தப் பலம் 1953இல் வெளிப்பட்டது. கொரிய யுத்தத்தால் ஏறியிருந்த இறப்பர் விலை இறங்கிவிட்டது. வெளிநாட்டு அரிசியின் விலையோ ஏறியிருந்தது. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைப்பட்ட தொகையைத் திறைசேரி சுமந்தது. ஜூலையில் நிதியமைச்சர் ஜே.ஆர். ஜயவர்தன ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தினார். பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவு நிறுத்தப்பட்டது. ரயில், தபால் கட்டணங்களும் கூடின. ஆகஸ்ட் 12இல் ஹர்த்தால். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அமைச்சரவை, கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடியது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார்.

இந்தப் பாடத்தை அரசியல்வாதிகள் மறக்கவில்லை. 1962இல் பங்கீட்டைக் குறைக்க முனைந்த பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்க, சொந்தக் கட்சியினரே எதிர்த்ததால் நிதியமைச்சை விட்டார். 1966 இறுதியில் டட்லியின் அரசாங்கம் இரண்டு கொத்தை ஒன்றாகக் குறைத்து, அந்த ஒன்றை இலவசமாக்கியது. இரண்டு கொத்து தருவோம் என்ற வாக்குறுதியோடு 1970இல் சிறிமாவோ வென்றார். இரண்டாவது கொத்து வந்தது, ஆனால் விலைக்கு. 1973இன் உலக உணவு, எண்ணெய் நெருக்கடியில் பங்கீடு மீண்டும் சுருங்கியது. மறுவருடம் நாட்டின் இறப்பு வீதம் உயர்ந்தது. தோட்டப் பகுதிகளிலேயே அடி பலமாக விழுந்தது. கணக்குப் புத்தகத்தில் மானியம் என எழுதப்பட்டது, வயிற்றில் உயிராக இருந்தது.

பிறகு வந்தது வேறொரு வழி. 1978இல், மாத வருமானம் 300 ரூபாவுக்குக் குறைந்த குடும்பங்களுக்கே பங்கீடு என்றாக்கப்பட்டது. 1979 செப்டெம்பரில் அரிசிக்குப் பதில் உணவு முத்திரை வந்தது. முத்திரையின் பெறுமதி ரூபாயில் நிலையாக நின்றது. கடையில் விலை நிற்கவில்லை. சில வருடங்களிலேயே அதன் வாங்கும் சக்தி ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. 1953இல் ஒரே இரவில் ஏறிய விலை ஊரைத் தெருவுக்கு இறக்கியது. முத்திரையோ ஐஸ்கட்டி போலக் கைக்குள்ளேயே கரைந்தது. 1980 ஜூலையில் சம்பளத்துக்காகப் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. முத்திரைக்காக ஒரு ஹர்த்தால் நடக்கவில்லை. பாதிப்பேரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டபின், மிச்சப் பாதிக்காகக் குரல் கொடுக்க யார் இருந்தார்கள்?

சரி, அதனால் துண்டுவிழும் தொகை குறைந்ததா? உணவு மானியம் சுருங்கிய அதே காலத்தில், 1980இல், அது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டி நின்றது. துரித மகாவலி போன்ற பெருந்திட்டங்கள் அந்த இடத்தை நிரப்பியிருந்தன. அவை வேண்டாதவை என்பதல்ல என் வாதம். பற்றாக்குறைக்குக் காரணம் அரிசி மட்டும்தான் என்ற கதை நிற்காது என்பதே.

எதிர்வாதத்திலும் நியாயம் உண்டு. வசதியானவனுக்கு ஏன் அரச அரிசி? தேவையுள்ளவருக்கு மட்டும் கொடுப்பது நமக்கு அந்நியமானதல்ல. ஸகாத் பெறுவோரைக் குர்ஆன் எட்டு வகையாக வரையறுத்திருக்கிறது. ஆனால் அங்கே பெறுபவனின் பங்கு அவனது ஹக், கொடுப்பவனின் தயவல்ல. நிஸாப் தங்கம், வெள்ளியின் எடையில் நிற்கிறது. ஸகாத் செல்வத்தின் நாற்பதில் ஒரு பங்கு. விலைவாசி ஏறினால் அதுவும் ஏறும். உணவு முத்திரைக்கு இல்லாமல் போனது இந்த இரண்டும்தான்: உரிமை என்ற அந்தஸ்தும், தேயாத அளவுகோலும்.

2019 இறுதியில் வற் வரி 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைக்கப்பட்டது; வேறு வரிகளும் வெட்டப்பட்டன. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று அறிவித்தது. வரி குறைந்தபோது யாருடைய பெயரும் பட்டியலில் போட்டுப் பள்ளிக்கூட மதிலில் ஒட்டப்படவில்லை. நிவாரணத்துக்குத்தான் பட்டியல், விண்ணப்பம், மேன்முறையீடு எல்லாம். அடுத்த முறை “நாட்டில் சல்லி இல்லை” என்று சொல்லப்படும்போது, செலவுப் பக்கத்தோடு வரவுப் பக்கத்தையும் காட்டும்படி கேட்பது நம் உரிமை. கொடுக்கும் தொகை விலைவாசியோடு ஏறுமா என்றும் சேர்த்துக் கேட்க வேணும்.