இடிக்கும் முன் எடுத்த படி

2014 ஜனவரியில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து ஸ்காட்ஸ்டேல் நகரில் குடிங் நிறுவனம் நடத்திய ஏலத்தில் ஒரே வகைக் கார்கள் இரண்டு விற்பனைக்கு வந்தன. இரண்டும் ஐம்பதுகளில் செய்யப்பட்ட மெர்சிடஸ்-பென்ஸ் 300 எஸ்.எல். கூபேக்கள். ஒன்று முற்றிலும் புதுப்பிக்கப்பட்டு, தொழிற்சாலையிலிருந்து அன்றுதான் வெளிவந்தது போல் பளபளத்தது. மற்றொன்று தூசு படிந்து, வண்ணம் மங்கி, தோலிருக்கை நைந்து கிடந்தது. புதுப்பித்த கார் ஏறத்தாழ 14 லட்சம் டாலருக்கு விலைபோயிற்று. புதுப்பிக்காதது ஏறத்தாழ 19 லட்சம் டாலரைப் பெற்றது.

பழங்கார் வணிகத்தின் வழக்கமான கணக்கு இதற்கு நேர்மாறானது. செலவழித்துப் புதுப்பித்தால் விலை உயரும் என்பதே அதன் பொது விதி. ஆனால் அவ்வேலத்தில் வாங்கியவர் உலோகத்துக்கு மட்டும் விலை கொடுக்கவில்லை. அறுபதாண்டுக் காலம் தொடப்படாதிருந்த ஒரு சான்றுக்கும் சேர்த்தே கொடுத்தார்.

300 எஸ்.எல். முதன்முதல் பொதுப்பார்வைக்கு வந்தது 1954 பிப்ரவரியில், நியூயார்க் கண்காட்சியில். பந்தயத்துக்கென உருவான காரைச் சாலைக்கு ஏற்றதாக்கி விற்கலாம் என்று நிறுவனத்தை இணங்க வைத்தவர், வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் ஐரோப்பியக் கார்களை இறக்குமதி செய்துவந்த மாக்ஸ் ஹாஃப்மன். மெல்லிய எஃகுக் குழாய்களைப் பின்னலாகப் பற்றவைத்த சட்டகமே அதன் எலும்புக்கூடு. அக்குழாய்கள் பக்கவாட்டில் உயர்ந்து நின்றதால் வழக்கமான கதவுக்கு இடமில்லை. எனவே கதவுகளைக் கூரையில் பொருத்தி மேல்நோக்கித் திறக்கச் செய்தனர். கடற்பறவையின் சிறகு என்று உலகம் வியந்த அழகு, உண்மையில் ஒரு பொறியியல் இக்கட்டின் விளைவு. எரிபொருளை உருளைக்குள் நேரடியாகப் பீய்ச்சும் முறையைக் கொண்டிருந்ததும் இக்காரின் சிறப்பு. 1957 வரை கட்டப்பட்ட கூபேக்கள் 1,400 மட்டுமே.

இந்த ஆண்டுகளைச் சித்தூர், திருப்பதி வட்டாரத்தின் வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தல் வேண்டும். திருமலைக்கு மோட்டார் வண்டி ஏறும் மலைப்பாதை 1944இலேயே திறக்கப்பட்டுவிட்டது. வளைவுகள் நிறைந்த அப்பாதையைப் போன்ற ஒன்றில்தான் இத்தகைய காரின் திறம் விளங்கும். ஆனால் பாதை இருந்தும் கார் வர வழியில்லை. இந்தியச் சுங்கவரி ஆணையம் 1953இல் அளித்த பரிந்துரையின்படி, உள்நாட்டில் உற்பத்தி செய்யும் திட்டமுடைய நிறுவனங்களுக்கே இடம் என்றாயிற்று. பாகங்களைக் கொணர்ந்து பூட்டிமட்டும் விற்ற ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் வெளியேறின. 300 எஸ்.எல். பிறந்த வேளையும் இந்தியத் துறைமுகங்கள் வெளிநாட்டுக் கார்களுக்கு அடைபட்ட வேளையும் ஒன்றே. சாலைகளில் அம்பாசிடரும் ஃபியட்டும் சென்னையின் ஸ்டாண்டர்டும் ஓடின. தூதரகத்தார் விட்டுச்சென்ற கார்களை அரசு வணிகக் கழகம் விற்றபோது ஓரிரு வெளிநாட்டு வண்டிகள் செல்வர் கைக்கு வந்தன. நெடுங்காலம் 1950க்கு முன் செய்யப்பட்ட பழங்கார்களுக்கே இறக்குமதிச் சலுகை இருந்தமையால், ஐம்பதுகளின் ஜெர்மானியக் கூபே அந்த வழியாகவும் நுழைய இயலவில்லை.

ஆகவே இங்கு அத்தகைய பழங்கார் ஒன்று விற்பனைக்கு வருமாயின், அதன் தோற்றத்தைவிட அது வந்த வழியே முதலில் ஆராயத்தக்கது. 2021 ஜூலையில் மைய மோட்டார் வாகன விதிகளில் செய்யப்பட்ட திருத்தம் இவ்வாராய்ச்சியைச் சட்டத் தேவையாகவே ஆக்கிவிட்டது. முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த வாகனமே பழம்பெரும் வாகனம். சட்டகம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் நிகழ்ந்திருத்தல் ஆகாது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவெண்ணில் மாநில எழுத்துகளை அடுத்து வி.ஏ. என்னும் குறி. இறக்குமதியான வண்டியாயின் சுங்க நுழைவுச் சீட்டு, முன்பே பதிவானதாயின் பழைய பதிவுச் சான்று. விற்கவும் வாங்கவும் தடையில்லை. இருவரும் தத்தம் மாநிலப் போக்குவரத்து அதிகாரியிடம் தெரிவித்தல் வேண்டும்.

இவ்விதிகளில் கடினமானது முதற்பதிவு என்னும் சொல். 1911இல் உருவான சித்தூர் மாவட்டம் 1953 அக்டோபர் வரை சென்னை மாநிலத்தில் இருந்தது. பின்னர் ஆந்திர மாநிலத்திலும் 1956 முதல் ஆந்திரப் பிரதேசத்திலும் அடங்கிற்று. 1960இல் திருத்தணி அதிலிருந்து பிரிந்து தமிழகம் வந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. 1952இல் அங்குப் பதிவான வண்டி ஓர் ஊரைவிட்டு நகராமலே மூன்று மாநிலங்களைக் கண்டிருக்கும். துருவை அகற்ற வல்லுநர் உண்டு. தொலைந்த பதிவேட்டை வார்த்துத் தர எந்தப் பட்டறையாலும் ஆகாது.

புதுப்பித்தல் பற்றிய இக்கவலை மோட்டார் காலத்தது அன்று. சித்தூரின் நீவா ஆற்று நீர் பொன்னையாற்றோடு கலந்து பாலாற்றுக்கு இறங்கும் வழியில் உள்ளது திருவல்லம். அங்குள்ள வில்வநாதேசுவரர் கோயிலின் திருமண்டபத்தை இடித்துத் திரும்பக் கட்டியபோது, பழைய கல்லில் இருந்த சாசனத்துக்குப் படி எடுத்துப் புதிய கல்லில் பொறித்தனர். அது படி என்பதையும், இடிப்பதற்கு முன் இருந்த கல்வெட்டின் படி என்பதையும் அக்கல்வெட்டே கூறுகிறது. இதனைத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியில் பதிப்பித்த ஹுல்ட்ஷும் ஒரு ஜெர்மானியரே. பழையதுபோல் தோன்றும் எழுத்தைப் பழையது என்றே விட்டிருந்தால் கேட்பாரில்லை. ஆயினும் திருப்பணி செய்தோர் உண்மையைப் பொறித்து வைத்தனர்.

அண்மைக்காலக் கோயில் திருப்பணிகளில் மணல் வீச்சால் எழுத்துகள் மழுங்கியதைக் கல்வெட்டறிஞர் பலர் கண்டித்திருக்கின்றனர். கார்ப் பட்டறையிலும் துருவையும் வண்ணத்தையும் உரிக்கும் முறை அதுவே. தொழிற்சாலை பூசிய முதல் வண்ணம், பழைய பற்றவைப்பின் தழும்பு, ஒருகாலத்து விபத்தின் சுவடு எல்லாம் ஒரே வீச்சில் போய்விடுகின்றன. பிறகு பூசப்படும் வண்ணம் 1955ஆம் ஆண்டுத் தொழிலாளி பூசியதைவிட மென்மையாக இருப்பதும் உண்டு. வாங்க வருவோர் இவ்வளவு பளபளப்பை ஐயுறத் தொடங்கியதைத்தான் ஸ்காட்ஸ்டேல் விலை காட்டிற்று.

இதனால் புதுப்பித்தலே பிழை என்று கொள்ளுதல் பொருந்தாது. சட்டகக் குழாய் அரித்துப்போன காரை அப்படியே ஓட்டுவது உயிருக்கு ஊறு. வேண்டுவது கணக்கு. எந்தத் தகடு மாற்றப்பட்டது, எந்த எஞ்சின் எண் தொழிற்சாலைத் தரவு அட்டையோடு பொருந்துகிறது, உரிப்பதற்கு முன் எடுத்த புகைப்படங்கள் எவை, கழற்றிய பழைய பாகங்கள் எங்கே உள்ளன என்பவற்றை விற்பவர் காரோடு சேர்த்துக் கொடுத்தல் வேண்டும். அக்கோப்பு இல்லாத கூபேயின் மூடியைத் திறந்து, சட்டகத்தில் அடித்த எண்ணின் விளிம்பு கூர்மையாக உள்ளதா, அண்மையில் தீட்டப்பட்டதா என்று விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்க்க வேண்டியிருக்கும். தேய்ந்த கல்வெட்டை வாசிப்போர் மாலை வெயில் சாயும்வரை காத்திருப்பதும் இதற்காகத்தான்.