கிறித்தவ ஆசிரமங்கள்: விருந்தினர் வளர்த்த வரலாறு

கிறித்தவர் சிலர் ஒரே கூரையின்கீழ்க் கூடி வாழ்ந்து, வழிபாட்டையும் உழைப்பையும் உணவையும் பொதுவில் வைத்துக்கொள்ளும் நிலையமே கிறித்தவ ஆசிரமம். சம்பளத்துக்கு ஆள் வைத்து நடத்தும் மிஷன் வளாகத்திலிருந்தும், வெளியார் நுழையாத மடத்திலிருந்தும் அதை வேறுபடுத்துவது, வந்து தங்குபவருக்கு அங்கே உள்ள இடம். இந்த நிலையங்களின் வரலாற்றை நிறுவியவர்களின் வரலாறாக எழுதுவதே வழக்கம். ஆனால் அவற்றை நிறுவியவர்களில் பலர், அதற்கு முன் வேறொருவர் திண்ணையில் விருந்தினராக உட்கார்ந்து கற்றவர்கள். ஆகவே இதை விருந்தினரின் வரலாறாகப் படிப்பதே பொருத்தம். அப்படிப் படித்தால், எந்த ஆசிரமம் எதைச் சாதித்தது, எங்கே தவறியது என்பதைக் கோபுரத்தை வைத்தோ காவித் துணியை வைத்தோ அளக்க வேண்டியதில்லை. பந்தியை வைத்து அளக்கலாம்.

சின்ன காஞ்சிபுரத்திலிருந்து பார்க்கிறவருக்கு இந்த அளவுகோல் புதிதல்ல. ஒரு கூட்டத்தின் வாழ்க்கையைக் கற்க அங்கேயே போய்த் தங்கும் வழக்கம் காஞ்சியில் மிகப் பழையது. கடம்ப மரபின் மயூரசர்மன் தன் குரு வீரசர்மனோடு காஞ்சிக் கடிகைக்குப் படிக்க வந்ததைத் தாளகுண்டா கல்வெட்டு சொல்கிறது. 640ஆம் ஆண்டையொட்டி வந்த சீனத் துறவி யுவான் சுவாங், இங்கே நூறு பௌத்த விகாரங்களையும் 10,000 துறவியரையும் குறிப்பிடுகிறார். சமணர் திருப்பருத்திக்குன்றத்தில் தங்கள் காஞ்சியை வைத்திருந்தார்கள். வரதராசப் பெருமாளுக்கு ஆலவட்டம் வீசிய திருக்கச்சி நம்பியைப் பற்றிக் குருபரம்பரைக் கதை ஒன்று உண்டு. அந்தணர் அல்லாத நம்பி உண்ட மீதியை உண்ண விரும்பி, இராமானுசர் அவரை வீட்டுக்கு அழைத்தார். இராமானுசர் வெளியே போயிருந்த நேரத்தில் நம்பி வந்து உண்டு சென்றார். இராமானுசரின் மனைவி தஞ்சம்மாள் இலையைக் கோலால் தள்ளி, இடத்தை மெழுகி, குளித்து, புதிதாக உலை வைத்தார். கோயிலில் ஒன்றாக நிற்க முடிந்தவர்கள் சமையலறை வாசலில் பிரிந்துபோனார்கள் என்பதே அந்தக் கதையின் வலி. ஒருவர் இன்னொருவரின் ஞானத்தைக் கேட்கத் தயங்குவதில்லை. அவரோடு உண்ணத்தான் தயங்குகிறார். கூட்டு ஆன்மிக வாழ்வு என்று பெயர் சூட்டிக்கொண்ட எந்த முயற்சிக்கும் சோதனை இங்கேதான் நடக்கிறது.

கிறித்தவம் தமிழ்நாட்டில் இந்தச் சோதனையில் நெடுங்காலம் தோற்றே வந்தது. 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைத் துறவி இராபர்ட் தெ நொபிலி காவி உடுத்தினார், புலால் விட்டார், தமிழும் வடமொழியும் கற்றார். பிற்காலத்து ஆசிரமங்கள் அவரையே முன்னோடியாகக் காட்டும். ஆனால் அவருடைய துறவு வாழ்க்கை உயர்சாதி ஆசாரத்தை ஏற்றுக்கொண்டே நடந்தது. சமையலும் பந்தியும் தனி. ஒடுக்கப்பட்ட சாதியாரிடம் பழக, பின்னர் 'பண்டாரசுவாமிகள்' என்ற தனி வகைக் குருக்கள் தேவைப்பட்டார்கள். சீர்திருத்த சபைகளும் இதில் மேம்பட்டுவிடவில்லை. தரங்கம்பாடிக் கோயிலில் சாதிவாரியாகப் பிரிந்து உட்கார்ந்தார்கள். 1850இல் சென்னை மிஷனரி மாநாடு சாதியைக் கண்டித்துத் தீர்மானம் இயற்றியது. தீர்மானம் வந்த பின்னும் மிஷன் வளாகத்தில் ஒரு கோடு அழியவில்லை. பங்களா வெள்ளையருக்கு, வரிசை வீடு உபதேசியாருக்கு. 1910இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில், திருநெல்வேலிச் சீமையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா பேசியது இதைத்தான். மிஷனரிகள் பணமும் உழைப்பும் தந்தார்கள், அதற்கு நன்றி. ஆனால் நட்பைத் தரவில்லை என்பது அவர் முறையீடு.

அந்த முறையீட்டுக்குச் செயலில் வந்த முதல் பெரிய பதில் 1921இல் திருப்பத்தூரில் தொடங்கிய கிறிஸ்துகுல ஆசிரமம். (அன்றைய வட ஆர்க்காட்டுத் திருப்பத்தூர் இது, சிவகங்கைப் பக்கத்துத் திருப்பத்தூர் வேறு.) புராட்டஸ்டன்ட் வழியில் இந்தியாவில் எழுந்த முதல் ஆசிரமமாக இதைச் சொல்வார்கள். நிறுவியவர்கள் இருவரும் மருத்துவர்கள்: தமிழரான சவரிராயன் ஜேசுதாசன், ஸ்காட்லாந்துக்காரரான எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன். பிரிட்டனில் பழக்கமான இவர்கள் ஒரே வீட்டில், ஒரே உணவில், மணம் செய்துகொள்ளாமல், கதர் உடுத்தி, ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்து வாழ்ந்தார்கள். ஊரார் ஜேசுதாசனைப் பெரியண்ணன் என்றும் பேட்டனைச் சின்னண்ணன் என்றும் அழைத்தார்கள். இந்த இரண்டு பெயர்களும் ஒரு பெரிய ஆய்வு நூல் சொல்லக்கூடியதைச் சொல்லிவிடுகின்றன. வெள்ளைக்காரர் ஆளுகிற காலத்தில், அவர்களில் ஒருவர் தமிழருக்குத் தம்பியாக இருந்தார். 'ஐயா', 'துரை' என்ற சொற்கள் அந்த வாசலுக்குள் செல்லவில்லை. 'குலம்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டதிலும் ஒரு துணிவு இருக்கிறது. யாரோடு உண்ணலாம், யாருக்குப் பெண் கொடுக்கலாம் என்பதை வரையறுக்கப் பயன்பட்ட சொல்லை எடுத்து, பிறப்பால் உறவில்லாதவர்களை ஒரு குடும்பமாக்கும் சொல்லாகத் திருப்பினார்கள்.

பேட்டனின் குடும்பம் ஸ்காட்லாந்தின் அல்லோவா ஊரில் கம்பளி நூல் ஆலை நடத்திச் செல்வம் சேர்த்த குடும்பம். நூலாலை வீட்டுப் பிள்ளை கதர் உடுத்தியதன் பொருளைத் தறியை அறிந்த காஞ்சி போன்ற ஊர் எளிதில் புரிந்துகொள்ளும். 1932இல் சென்னையில் அந்நியத் துணிக்கடை மறியல் நடந்த தெருவில், கதரோடு நின்ற அவரைப் போலீசார் தடியால் அடித்து, நிற நீரைப் பீய்ச்சினார்கள். விஷயம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கேள்வியாக எழுந்தது. உடுத்திய துணி அவரை யார் பக்கத்தில் நிறுத்தியது என்பதை அரசே காட்டிக்கொடுத்துவிட்டது. ஆசிரமத்து ஜெபாலயத்தைத் தென்னாட்டுக் கோயில் பாணியில் கல்லில் எழுப்பினார்கள். பார்க்க வருபவர் பேசுவது பெரும்பாலும் அந்தக் கட்டடத்தைப் பற்றித்தான். நான் அதை இரண்டாம் இடத்தில் வைப்பேன். கோபுரத்தைச் சிற்பி கட்டித் தந்துவிடுவார். அண்ணன் தம்பி என்ற முறையை அன்றாடம் வாழ்ந்துதான் கட்ட வேண்டும்.

உலகின் பிற இடங்களோடு ஒப்பிட்டால் இந்த முயற்சி பின்தங்கியதாகவோ நகலாகவோ தெரியவில்லை. ஜெர்மனியில் எபர்ஹார்ட் ஆர்னால்டு புரூடர்ஹாஃப் சமூகத்தைத் தொடங்கியது 1920இல். ஸ்காட்லாந்தின் அயோனா 1938, பிரான்சின் தைசே 1940. இந்தியாவுக்குள் ஜாக் வின்ஸ்லோ 1927இல் புனேயில் கிறிஸ்த சேவா சங்கத்தின் ஆசிரமத்தை நிறுவினார். ஸ்டான்லி ஜோன்ஸ் தாகூரின் சாந்திநிகேதனிலும் காந்தியின் சபர்மதியிலும் தங்கிப் பார்த்துவிட்டு, 1930இல் இமயமலை அடிவாரத்துச் சாத் தாலில் ஆசிரமம் தொடங்கினார். தங்கியவரே தொடங்குகிறார் என்ற வரிசை இங்கே தெளிவாகத் தெரிகிறது.

கத்தோலிக்கர் வழியில் அந்த வரிசை இன்னும் நெருக்கமானது. குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரை மாந்தோப்பில், 1950 மார்ச் 21 அன்று இரண்டு பிரெஞ்சுக் குருக்கள் சச்சிதானந்த ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். மக்கள் வாயில் அது சாந்திவனம். ஒருவர் 1939இல் இந்தியா வந்து திருச்சி மறைமாவட்டத்துக் கிராமங்களில் உழைத்த ஜூல் மோன்ஷனென். மற்றவர் 1948இல் வந்த ஆன்றி லெ சோ, பின்னாளில் அபிஷிக்தானந்தர். ஆசிரமம் தொடங்குவதற்கு முந்திய ஆண்டே இருவரும் திருவண்ணாமலை சென்று இரமணரைக் கண்டிருந்தார்கள். பின்னர் அபிஷிக்தானந்தர் திருக்கோவலூர்த் தபோவனத்தில் ஞானானந்தரிடம் தங்கி, குருவின் முன் சீடன் எப்படி உட்கார வேண்டும் என்பதைக் கற்றார். பெல்ஜியத் துறவி பிரான்சிஸ் மாஹியு சாந்திவனத்தில் தங்கியிருந்துவிட்டுக் கேரளத்துக்குப் போய், 1958இல் பீட் கிரிபித்ஸோடு குரிசுமலை ஆசிரமத்தை நிறுவினார். அந்தக் கிரிபித்ஸே 1968இல் சாந்திவனத்தை ஏற்று, 1993இல் மறையும்வரை அங்கே வாழ்ந்தார். ஒரு தறியில் கற்றவர் இன்னொரு ஊரில் தறி போட்டதைப் போன்ற பரவல் இது.

நெசவு உவமையை நான் அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. காஞ்சிக் கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நாடா, கரைக்குத் தனி நாடா. ஊடை நூல்கள் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள வேண்டும். நெய்பவர் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவைத் தருவார். இருவர் கையும் ஒரே தாளத்துக்கு வராவிட்டால் கரை பிரிந்துவிடும். இந்தத் தாளத்தை யாரும் ஏட்டில் எழுதிக் கொடுத்துவிட முடியாது. சாந்திவனத்து நாளும் அப்படித்தான் கற்பிக்கிறது. மூன்று வேளை வேண்டுதல். காலையில் சந்தனம், நண்பகலில் குங்குமம், மாலையில் திருநீறு. உபநிடதமும் பிற சமயத்தார் நூல்களும் வாசித்து, தமிழ்ப்பாட்டும் திருப்பாடலும் பாடுகிறார்கள். பிறகு தரையில் உட்கார்ந்து கையால் உண்பது, காய் நறுக்குவது, தட்டைத் தானே கழுவுவது. ஐரோப்பாவில் ஆறாம் நூற்றாண்டு பெனடிக்ட் எழுதிய மட ஒழுங்கு, வரும் விருந்தினரைக் கிறிஸ்துவாகவே ஏற்கச் சொல்கிறது. தமிழில் திருக்குறள் விருந்தோம்பலுக்கு ஒரு முழு அதிகாரம் ஒதுக்கியிருக்கிறது. அந்த இரண்டு மரபுகளும் மாந்தோப்பில் ஒரு தட்டில் வந்து சேர்ந்தன.

இந்த ஆசிரமங்களுக்கு எதிராக எழும் மறுப்புகளில் முதலாவது எண்ணிக்கையைப் பற்றியது. இந்த ஆசிரமங்களில் நிரந்தரமாகச் சேர்ந்தவர்கள் எப்போதும் சிலரே. சாந்திவனத்தின் முதல் பதினெட்டு ஆண்டுகளில் கூட்டம் சேரவில்லை. 1957இல் மோன்ஷனென் பாரிசில் இறந்தார், 1968இல் அபிஷிக்தானந்தர் இமயத்துக்குப் போய்விட்டார். ஆகவே இது தோல்வி என்பார்கள். மடத்தை அளக்கும் கோல் அது. துறவியர் எண்ணிக்கை கூடுவது மடத்தின் வெற்றியாக இருக்கலாம். ஆசிரமத்தின் விளைவு வந்து தங்கி வெளியே போனவர்களிடம் இருக்கிறது. குரிசுமலை அப்படிப் பிறந்ததுதான். உறுப்பினர் பட்டியலை மட்டும் எண்ணுபவருக்கு அந்த விளைச்சல் கணக்கில் வராது.

இரண்டாவது மறுப்பு இதற்கு நேர் எதிரானது: வந்து போவது சுற்றுலா, நான்கு நாள் தங்கியவர் கூட்டு வாழ்வை எப்படி அறிவார்? இதில் உண்மை உண்டு. பிணக்கும் சலிப்பும் நோயும் வந்த பிறகுதான் ஒரு குடும்பம் குடும்பமா என்று தெரியும். விருந்தினர் அதற்குள் வண்டி ஏறிவிடுவார். மேலைநாட்டு அலைச்சல்காரர்கள் நிறைய வந்த எழுபதுகளுக்குப் பின் இந்தக் குறை கூடியது என்றே நினைக்கிறேன். ஆனாலும் காய் நறுக்கக் கத்தியைக் கையில் கொடுக்கும் வீட்டுக்கும், அறைச் சாவியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கும் விடுதிக்கும் வேறுபாடு இருக்கிறது. வருபவரைப் பார்வையாளராக வைக்காமல் வேலையில் அமர்த்தும் ஆசிரமம், குறுகிய நாட்களிலும் ஒன்றைக் கற்பிக்கும்: தன் வசதியை மற்றவர் நேரத்துக்கு விட்டுக்கொடுப்பது.

மற்ற இரண்டு மறுப்புகள் கனமானவை. காவியும் ஓங்காரமும் மதமாற்றத்துக்கான போர்வை என்று சீதாராம் கோயல் 1988இல் ஒரு நூலே வெளியிட்டார். துறவுக்குப் பரம்பரையும் தீட்சையும் உண்டு, அதைத் துணிபோல எடுத்து உடுத்த முடியாது என்ற வாதத்தை நான் ஏற்கிறேன். கேட்காமல் எடுத்துக்கொண்ட எவரும் அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். ஆனால் அபிஷிக்தானந்தர் கேட்டுக்கொண்டு போனவர். 1973இல் ரிஷிகேசத்துக் கங்கையில் அவருடைய சீடருக்குத் துறவு தந்தபோது, சிவானந்த ஆசிரமத்துச் சிதானந்தரும் உடன் நின்று தந்தார். விருந்தினராக வந்தவரை வீட்டுக்காரர் உள்ளே அழைத்தார் என்பதே அங்கே நடந்தது. இந்த அழைப்பு இல்லாத இடங்களில் கோயலின் குற்றச்சாட்டு நிற்கும்.

கடைசி மறுப்பு கிறித்தவர்களுக்குள்ளிருந்தே வந்தது. தமிழகத் திருச்சபைகளில் பெரும் பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து வந்தவர்கள். வேதாந்தமும் வடமொழி மந்திரமும் சைவ உணவும் யாருடைய பண்பாடு என்று, 1980களில் அரவிந்த் நிர்மல் முதலியோர் தொடங்கிய தலித் இறையியல் கேட்டது. நொபிலியின் தனிப்பந்தியை நினைப்பவருக்கு இந்தக் கேள்வி கூர்மையாகவே படும். 'இந்தியப் பண்பாடு' என்ற பெயரில் ஒரு சாராரின் ஆசாரமே உள்ளே வந்திருந்தால், கோயில் பாணிக் கோபுரம் கோயிலுக்குள் விடப்படாதவருக்கு எதைச் சொல்லும்? கட்டட பாணியாலோ மந்திரத்தாலோ இதற்கு விடை தர முடியாது. ஆசிரமங்கள் தரக்கூடிய ஒரே விடை பெரியண்ணன், சின்னண்ணன் என்ற அந்தப் பழைய விடைதான்: யார் சமைத்தார், யார் பரிமாறினார், யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார். திருப்பத்தூர் நிறத்தின் கோட்டைப் பந்தியில் அழித்தது. சாதியின் கோட்டை அதே தெளிவோடு அழித்தார்களா என்பதை ஒவ்வோர் ஆசிரமத்திலும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும். தங்கிக் கற்கப் போகிறவர் பூசை மண்டபத்துக்குப் போகுமுன் சமையலறைக்குள் எட்டிப் பார்ப்பது நல்லது.