மூன்று தண்ணீருக்குப் பிறகு

விக்கிரமங்கலம் என்றதும் வரலாற்று ஆர்வலர்கள் சோழர் காலத்துக் கோயிலையும் அங்குள்ள புத்தர் சிலைகளையும் பற்றித்தான் பேசுவார்கள். கொள்ளிடத்துக்கு வடக்கே உள்ள இந்த அரியலூர்ச் சீமையில் கல்லில் வெட்டாத வரலாறும் உண்டு. அம்மை கண்ட வீடுகளின் வரலாறு அது.

வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தால் வெளியாள் உள்ளே நுழையமாட்டார். அடுப்பில் தாளிப்பு நின்றுவிடும். கவிச்சி வீட்டுப் பக்கமே வராது. பிள்ளைக்கு மோர், இளநீர், கேழ்வரகுக் கூழ். அரித்தால் சொறிய விடாமல் வேப்பங்கொழுந்தால் வருடிவிடுவார்கள். அம்மை வாடியதும், வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவார்கள். இப்படி மூன்று தண்ணீர் ஊற்றியாகிவிட்டால் ஆத்தா இறங்கிவிட்டாள். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றிவிட்டு வீடு பழையபடி நடக்கத் தொடங்கும்.

பெரியம்மை, சின்னம்மை, மணல்வாரி என்கிற தட்டம்மை, எது வந்தாலும் இதே முறைதான். உண்மையில் இவை மூன்றும் மூன்று வேறு குடும்பத்து வைரஸ்கள். பெரியம்மையை விரட்ட 1899இல் கிண்டியில் கிங் நிலையம் தோன்றியது. கன்றுகளிடமிருந்து எடுத்த அம்மைப்பால் அங்கிருந்து மாகாணத்துக்குப் போனது. 1975இல் இந்தியாவிலிருந்தே பெரியம்மை ஒழிந்தது. உயிரைக் குடித்த பெரியவள் போனதும், மணல்வாரியை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. தவறு அங்கேதான்.

மணல்வாரி அப்படி லேசானதல்ல என்பதற்கு அடையாளம் வெகு முன்பே கிடைத்திருந்தது. 1908இல் வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே வியப்பான ஒன்றைப் பதிவு செய்தார். காசநோய்க் கிருமி உடலில் இருப்பதைக் காட்டும் தோல் சோதனையில் தடித்துக்கொண்டிருந்த குழந்தைகளுக்கு, தட்டம்மை கண்ட நாட்களில் தோல் தடிக்கவில்லை. கிருமி எங்கும் போய்விடவில்லை. உடம்புதான் அதை அடையாளம் காண மறந்திருந்தது.

மறதிக்குக் காரணம் வெள்ளணுக்களுக்குள் இருக்கிறது. வைரஸ் நுழைந்தால் அதன் ஆர்.என்.ஏ.வை மோப்பம் பிடிக்கும் புரதங்கள் செல்லில் உண்டு. அவை உசுப்பியதும் இன்டர்ஃபெரான் மரபணுக்கள் விழித்துக்கொள்ளும். (ஐசக்ஸ், லிண்டன்மன் என்ற இருவர் 1957இல் லண்டனில் கண்டறிந்த பொருள் இந்த இன்டர்ஃபெரான்.) அது அக்கம்பக்கத்துச் செல்களைத் தொட, அங்கே சில மணி நேரத்துக்குள் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் வேலைக்கு இறங்கும். அதுவரை சும்மா கிடந்தவை புரதம் செய்யும். சில வழக்கமான வேலைகள் நின்றுபோகும். தட்டம்மை வைரஸ் சாமானியமானதல்ல. ‘வி’ என்ற தன் புரதத்தைக் கொண்டு, இந்தச் செய்தி மரபணுவைச் சென்றடையாமல் இடைமறிக்கிறது. வெள்ளணுக்களின் மேலுள்ள சி.டி.150 என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு, பழைய நோய்களை நினைவில் வைத்திருக்கும் செல்களுக்குள்ளேயே புகுந்து அவற்றை அழிக்கிறது. சில வாரங்களில் வெள்ளணுக்களின் எண்ணிக்கை தேறிவிடும். ஆனால் பழைய நோய்களைக் குறித்துவைத்திருந்த அந்தக் கணக்குப்பிள்ளையின் ஏடுகள் எரிந்தது எரிந்ததுதான்.

எவ்வளவு எரிகிறது என்பது 2019இல் தெரிந்தது. நெதர்லாந்தில் தடுப்பூசி போடாத 77 குழந்தைகளின் ரத்தத்தைத் தட்டம்மைக்கு முன்னும் பின்னும் எடுத்து ஒப்பிட்டார்கள். மற்ற நோய்களுக்கு எதிராக அவர்கள் சேர்த்துவைத்திருந்த எதிர்ப்புப் புரத வகைகளில் 11 முதல் 73 விழுக்காடு வரை காணவில்லை. இந்தப் பலவீனம் இரண்டு, மூன்று ஆண்டுகள் நீடிக்கலாம் என்று 2015இலேயே மற்றோர் ஆய்வு கணக்கிட்டிருந்தது.

இதை வைத்துப் பார்த்தால் பாட்டிமார் முறையில் பாதி சரி. பிள்ளையைத் தனியே வைத்ததும், நீராகாரம் கொடுத்ததும், ஓய்வாக விட்டதும் நல்ல பராமரிப்பு. ஆனால் தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பே நோய் பரவத் தொடங்கிவிடும். வேப்பிலை செருகும்போது தெருப் பிள்ளைகளுக்குத் தொற்றி முடிந்திருக்கும். ஆத்தா கோபிப்பாள் என்று ஆஸ்பத்திரியைத் தவிர்த்ததோ அதைவிடக் கெடுதல்: தட்டம்மைக் குழந்தைக்கு அடுத்தடுத்த இரு நாட்கள் கொடுக்கும் வைட்டமின் ஏ உயிரையும் பார்வையையும் காக்கும்.

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது, வாட்ஸ்அப் வதந்தியை நம்பிப் பல பெற்றோர் தயங்கினார்கள். இன்று அந்த ஊசி ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். முதல் தவணை 9 மாதம் முடிந்ததும், இரண்டாவது 16 முதல் 24 மாதத்துக்குள். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால், தடுப்பூசி அட்டையில் இரண்டு தவணையும் பதிவாகியிருக்கிறதா என்று ஒருமுறை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.