இரும்புக்காரருக்குக் கொடுக்க முன் ஒரு படம் எடுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. லீவு நாள்தானே, ஆறுதலாக வாசியுங்கள்.

இத்தாலியில் வேலை செய்யும் என் பழைய மாணவன் ஒருவன் போன கிழமை ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். ஒரு வெள்ளைக்காரரின் கராஜ் நிறையப் பழங்காலத்துப் பாத்திரம் கழுவும் மெசின்கள். ஒவ்வொன்றாகக் கழற்றி, ரப்பர் மாற்றி, திரும்பவும் ஓட விடுகிறார். "சேர், உங்களுக்கு ஒரு கூட்டாளி" என்று கீழே எழுதியிருந்தான்.

அந்த மெசினுக்கு ஜோசஃபின் கொக்ரேன் என்ற அமெரிக்கப் பெண் காப்புரிமை பெற்றது 1886-ல். நம் வீடுகளுக்கு அது இன்னும் சரியாக வந்து சேரவில்லை. கலியாண வீட்டுச் சஹன்களை இன்றைக்கும் கையால்தான் தேய்க்கிறோம். ஆனால் அதற்கு ஒன்பது வருடம் முந்தியே, 1877-ல், வேறொரு வீட்டு மெசின் இலங்கைக்கு வந்துவிட்டது: சிங்கர் தையல் மெசின். நான் தேடித் திருத்துவது அதைத்தான்.

ஐசாக் சிங்கர் 1851-ல் காப்புரிமை எடுத்தார். செய்தது அவர் என்றாலும் வீடு வீடாகப் போகச் செய்தது அவருடைய பங்காளி எட்வர்ட் கிளார்க். முழுக்காசும் கொடுத்து வாங்க ஏழைக் குடும்பத்தால் முடியாது என்று கண்டு, 1856-ல் தவணை முறையைக் கொண்டுவந்தார். மெசின் தைத்து உழைக்கும், அந்த உழைப்பிலேயே தவணை கட்டலாம். மெசின்களை அவ்வளவாக விரும்பாத காந்திகூட (1927-ல் நம் சிலாபத்துக்கும் வந்து போனவர்) இந்த ஒன்றுக்கு விலக்குக் கொடுத்தார்.

நம் பக்கத்தில் நான் திறந்து பார்த்தவை பெரும்பாலும் ஸ்கொட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலையில் செய்தவை. 1885-ல் திறந்து 1980-ல் மூடிய ஆலை. 1913-ல் மட்டும் அங்கிருந்து சுமார் 13 இலட்சம் மெசின்கள் வெளியே போயின. அதற்கு இரண்டு வருடம் முந்தி, மரப்பெட்டிக்குப் பொலிஷ் போடும் 12 பெண்கள் வேலைச்சுமையைக் கூட்டியதை எதிர்த்து வெளியே நடந்தார்கள். அவர்களுக்காக ஏறக்குறைய 11,000 பேர் வேலையை நிறுத்தினார்கள். வென்றார்களா என்றால், இல்லை. பலருக்கு வேலையும் போனது. பழைய மூடியைத் துடைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெண்களின் ஞாபகம்தான்.

உங்கள் வீட்டு மெசினின் வலப்பக்க அடித்தட்டைப் பாருங்கள். ஒரு எழுத்தும் இலக்கமும் அடித்திருக்கும். கிளைட்பேங்க் மெசின் என்றால், எஃப் எழுத்து பெரும்பாலும் 1910-கள். வை என்றால் 1920-கள், 30-களின் தொடக்கம். ஈஏ என்றால் 1935-க்குப் பிந்தியது. பிறப்புச் சான்றிதழ் இல்லாத மூத்தம்மாமார் நம் ஊரில் இருந்தார்கள். அவர்களுடைய மெசினுக்கு இருந்தது.

இதையெல்லாம் நான் படித்தது காலம் கடந்துதான். கணவர் மௌத்தான பிறகு உம்மா மெசினில் உட்கார்ந்துதான் எங்களை ஆளாக்கினார். வெளியே வேலைக்குப் போக வழியில்லாத பெண்ணுக்கு வீட்டுக்குள்ளேயே வருமானம். அதை விடுதலை என்று சொல்வதா, வீட்டுக்குள் இருத்திய வசதி என்று சொல்வதா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். என் கலாசாலைச் செலவு அந்த மிதியில் இருந்து வந்தது. முதல் சம்பளங்களைச் சேர்த்து உம்மாவுக்கு மின்சார மெசின் வாங்கிக் கொடுத்தேன். பழையதை இரும்புக்காரருக்கு நிறுத்துக் கொடுத்தேன். உம்மா ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் புதிய மெசினில் உட்காரவுமில்லை. அதன் இலக்கம் என்ன எழுத்தில் தொடங்கியது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

1992-ல் 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் வந்தது. வீட்டு மெசின்கள் மெல்ல மூலைக்குப் போயின. தொழிற்சாலைக்குப் போன பிள்ளைகளுக்கு அங்கிருந்த ஜப்பான் மெசினின் பெயரையே வைத்து "ஜூக்கி" என்று கூப்பிட்டது நம் நாடு. வெட்கப்பட வேண்டியது கூப்பிட்டவர்கள்.

பிறகு 2009. பழைய சிங்கருக்குள் சிவப்புப் பாதரசம் இருக்கிறது என்று சவூதியில் ஒரு கதை கிளம்பியது. ஊசிக்குப் பக்கத்தில் கைப்பேசியைப் பிடித்தால் சிக்னல் அறுந்துவிடுமாம். இரண்டு இலட்சம் றியால் வரை விலை பேசியதாகச் செய்தி வந்தது. அங்கே இருந்த ஒருவர் எனக்கும் கோல் எடுத்து, "சேர், உங்களிடம் எத்தனை இருக்கு?" என்றார். உள்ளே இருப்பது இரும்பும் பழைய எண்ணெயும்தான். அந்த ஆசையில் கழற்றிப்போட்டு, பூட்டத் தெரியாமல் சாக்கில் கட்டி வைத்த மெசின்கள் இரண்டு என்னிடம் வந்தன.

இப்போது புதிய ஆபத்து: இரும்புக் காலை மட்டும் வாங்கி, மேலே கல் பதித்து, கை கழுவும் பேசின் வைக்கிறார்கள். மெசின் குப்பைக்கு.

திருத்த நினைப்பவர்களுக்கு என் அனுபவம். தென்னை நாட்டவர்கள் நாம், எதற்கும் தேங்காய் எண்ணெய்தான். மெசினுக்கு வேண்டாம். நாளானால் பசையாகி இறுகும். சில்லு சுற்றவில்லை என்றால் அது பெரும்பாலும் துரு இல்லை, அந்தப் பசை. எண்ணெய்த் துளைகளில் மண்ணெண்ணெய் சொட்டு விட்டு, ஓர் இரவு பொறுத்து, கையால் மெதுவாக ஆட்டுங்கள். சுத்தியலால் தட்டினால் வார்ப்பிரும்பு வெடித்துவிடும். கடற்காற்றில் பிடித்த துருவுக்கு உலோகப் பாகங்களில் மட்டும் நைசான இரும்புக் கம்பளி. கறுப்புப் பூச்சில் ஸ்பிரிட்டோ தின்னரோ படவே கூடாது. மேலே இருப்பது அரக்குப் பூச்சு, கரைந்துவிடும். என் முதல் மெசினில் இருந்த தங்க ஸ்பிங்ஸ் படத்தில் பாதி முகம் இப்படித்தான் போனது. அதை அப்படியே வைத்திருக்கிறேன். ஸ்பிரே அடித்துப் புதிதாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. ஊசிக்குக் கவலை வேண்டாம். நூறு வருட மெசின்கள் பலவற்றுக்கும் இன்றைக்குக் கடையில் விற்கும் சாதாரண வீட்டு ஊசியே பொருந்துகிறது.

கடைசியாகத் திருத்தியது ஒரு வை எழுத்து மெசின். சொந்தக்காரி 1990 ஒக்டோபரில் மன்னாரிலிருந்து வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து இறங்கிய ராத்தா. அப்போது உடுத்த துணியோடு வந்தவர்கள் மெசினை எப்படித் தூக்கி வருவது? அங்கே விட்டு வந்தது போய்விட்டது. இது புத்தளத்தில் முகாமில் இருந்தபோது, பாவித்த மெசினாக, தவணைக்கு வாங்கியது. நேற்று பெல்ட் போட்டு, தைத்துப் பார்த்து, கொண்டுபோய்க் கொடுத்தேன். தையலைத் திருப்பிப் பார்த்தவர், "கீழ் நூல் கொஞ்சம் இறுக்கம், தம்பி" என்றார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு போய்ச் சரி செய்ய வேண்டும்.

உங்கள் வீட்டில் ஒன்று இருந்தால், இரும்புக்காரருக்குக் கொடுக்க முன் அந்த இலக்கத்தை ஒரு படம் எடுத்துக் கீழே போடுங்கள். யார் வாங்கியது, யாருக்குத் தைத்தது என்று தெரிந்ததையும் இரண்டு வரி எழுதுங்கள்.