மயக்கமருந்து மூடி ஏன் கறுப்பு?

ஈதர் கொடுத்து ஆபரேஷன் செய்த காலத்தவர்களுக்கு, முகத்தில் வைத்து அழுத்திய கறுப்பு ரப்பர் மூடி நினைவிருக்கலாம். அந்தக் கறுப்புக்குப் பின்னால் ஒரு பெரிய பயம் இருந்தது.

1846-இல் பாஸ்டன் நகரில் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஈதரின் பயனைப் பலர் முன்னிலையில் காட்டினார். வலியற்ற அறுவை சிகிச்சைக்கு வழி திறந்தது. ஆனால் ஈதர் எளிதில் தீப்பற்றும். 1930-களில் புழக்கத்துக்கு வந்த சைக்ளோபுரொப்பேனும் ஆக்சிஜனோடு சேர்ந்தால் வெடிக்கும். ரப்பர் குழாய், கம்பளி, செருப்பு இவை உராயும்போது நிலைமின்சாரம் சேரும். ஒரு சிறு பொறி போதும். நோயாளியின் மூச்சுக்குழாய்க்குள்ளேயே வெடித்த கொடுமைகளும் நடந்தன.

சாதாரண ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. சேர்ந்த மின்சாரம் தரைக்கு இறங்க வழியில்லை. அந்த வழியை உண்டாக்கியது, டயருக்கு வலுவூட்டக் கலக்கும் அதே கார்பன் கரித்தூள்தான்.

ஓடையைக் கடக்கக் கல் போடுவதைப் போன்றது இது. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போட்டால் பயனில்லை. கற்கள் காலுக்கு எட்டும்படி நெருங்கியதும் அக்கரைக்குப் பாதை கிடைத்துவிடும். கரித்தூளும் அப்படித்தான். குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் ரப்பரின் மின்தடை திடீரென்று பல ஆயிரம் மடங்கு விழுந்துவிடும். 1957-இல் பிராட்பென்ட், ஹாமர்ஸ்லி என்ற இரு பிரிட்டிஷ்காரர்கள், நுண்துளைகள் வழியே திரவம் ஊடுருவுவதைப் பற்றி எழுதிய கணிதம் பின்னாளில் இதற்கும் பொருந்தியது.

அதற்காகக் கரியை அள்ளிக் கொட்டவும் முடியாது. கலவை இறுகி, அச்சுக்குள் ஓட மறுக்கும். தடை மிகவும் குறைந்துவிட்டால் இன்னொரு ஆபத்து: பழுதான மின்கருவியைத் தொட்டவருக்கு ஷாக் அடிக்கும். ஆகவே மின்தடை ஓர் அளவுக்குக் கீழேயும் போகக்கூடாது, மேலேயும் போகக்கூடாது என்று வரம்பு வைத்தார்கள்.

1956-இல் தீப்பற்றாத ஹாலோத்தேன் வந்தது. ஈதர் மெல்ல விடைபெற்றது. கரித்தூள் ஆராய்ச்சி மட்டும் நிற்கவில்லை. ஒன்றோடொன்று கலக்காத இரண்டு பிளாஸ்டிக்குகளைச் சேர்த்தால் கரி பெரும்பாலும் ஒன்றில் மட்டும் தங்கும் என்பதை 1991-இல் ஜப்பானியரான சுமிதா குழுவினர் விளக்கினர். அதனால் குறைந்த கரியிலேயே பாதை அமையும். உருகிய கலவையும் அதிகம் இறுகாது.

இன்று கம்ப்யூட்டர் சிப்புகளை வைத்து அனுப்பும் கறுப்புத் தட்டுகளிலும் கரி கலந்த பிளாஸ்டிக் உண்டு. அன்று உயிரைக் காத்த கரி, இன்று சிப்பைக் காக்கிறது.